போருக்கு முன் நாடாளுமன்ற ஒப்புதல் (பிரிட்டன்)

வெளிநாட்டில் படை நடவடிக்கையில் இறங்கும் முன் அரசு நாடாளுமன்றத்தின் இசைவைப் பெற வேண்டும் என்பது பிரிட்டனில் சட்டம் அன்று. 2003-க்குப் பின் உருவான மரபு. போரும் சமாதானமும் அங்கே மன்னரின் சிறப்புரிமை. நடைமுறையில் அதைச் செலுத்துபவர் பிரதமர். 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், சமாதான காலத்தில் நாடாளுமன்ற இசைவின்றி நிலைப்படை வைத்திருப்பதைத் தடுத்தது. ஆனால் படையை எங்கே அனுப்புவது என்ற முடிவு அரசிடமே தங்கிவிட்டது. 1914 ஆகஸ்ட் 4-இல் ஜெர்மனி மீது போர் அறிவித்தபோது வாக்கெடுப்பு நடக்கவில்லை. 1956-இல் சூயஸ் கால்வாய்க்காகப் பிரான்சுடனும் இஸ்ரேலுடனும் ரகசிய உடன்பாடு செய்த பிரதமர் ஆந்தனி ஈடன், அதை நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையிடமே மறைத்தார்.

ஈராக் போர்தான் திருப்பம். சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு வலுத்ததால், பிரதமர் டோனி பிளேர் 2003 மார்ச் 18-இல் போருக்கு ஒப்புதல் கோரும் தீர்மானத்தைச் சபையில் வைத்தார். முந்தைய நாள் அவை முன்னவர் ராபின் குக் பதவி விலகியிருந்தார். தீர்மானம் 412–149 என நிறைவேறியது. ஆனால் படைகள் அதற்குள் குவைத்தில் குவிந்துவிட்டன. அந்நிலையில் மறுப்பது எளிதன்று. 2011-இல் வெளியான அமைச்சரவைக் கையேடு, அவசர நிலை தவிர, படை இறங்கும் முன் சபைக்கு விவாத வாய்ப்பு தரும் மரபை ஏற்றது.

மரபுக்கு உயிர் வந்தது 2013-இல். ஆகஸ்ட் 21-இல் சிரியத் தலைநகர் டமாஸ்கஸை அடுத்த கூட்டாவில் மக்கள் மீது இரசாயன ஆயுதம் வீசப்பட்டது. சிரியா மீது படை நடவடிக்கை எடுக்க விரும்பிய பிரதமர் டேவிட் கேமரூன், கோடை விடுமுறையிலிருந்த உறுப்பினர்களைத் திரும்ப அழைத்தார். ஆகஸ்ட் 29 இரவு வாக்கெடுப்பு மணி ஒலித்தது. மணி அடித்து எட்டு நிமிடத்தில் ஆதரவு, எதிர்ப்பு என்ற இரு கூடங்களில் ஒன்றுக்குள் உறுப்பினர் நுழைந்துவிட வேண்டும். பக்கத்து அறையில் பேசிக்கொண்டிருந்த அமைச்சர்கள் இருவர், மணி காதில் விழாமல் வாக்களிக்கவே தவறினர். முடிவு 285–272; அரசு 13 வாக்கில் தோற்றது. சபையின் கருத்துப்படியே நடப்பதாகக் கேமரூன் அங்கேயே எழுந்து அறிவித்தார். இரண்டு நாள் கழித்து அமெரிக்க அதிபர் ஒபாமாவும் காங்கிரஸின் ஒப்புதலை நாடப்போவதாகச் சொன்னார். ஒரு சபை போரைத் தடுத்து நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அண்மை வரலாற்றில் அரிது.

அந்த வலிமை நீடிக்கவில்லை. இந்த மரபைச் சட்டமாக்குவதாக 2011-இல் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் சபையில் அளித்த உறுதியை 2016-இல் அரசு கைவிட்டது. 2018 ஏப்ரல் 14-இல், சபை விடுமுறையில் இருந்தபோது, பிரதமர் தெரசா மே சிரியாவைத் தாக்க உத்தரவிட்டார். சைப்ரஸிலிருந்து கிளம்பிய நான்கு டொர்னாடோ விமானங்கள் ஹோம்ஸ் அருகே எட்டு ஏவுகணைகளை வீசின. 2024 ஜனவரியில் விடுமுறைகூட இல்லை. ஆயினும் ஏமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்களை வாக்கெடுப்பின்றித் தாக்கிய பின்னரே பிரதமர் ரிஷி சுனக் சபைக்கு விளக்கம் அளித்தார். எது அவசரம் என்று தீர்மானிப்பவரும் பிரதமரே என்பதுதான் இந்த மரபின் பெரிய ஓட்டை.

ஜெர்மனியில் 1994-இன் அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பும் 2005-இன் சட்டமும், உடனடி ஆபத்து தவிர, நாடாளுமன்ற முன்னிசைவின்றிப் படை புறப்பட முடியாதபடி செய்துள்ளன. பிரிட்டனுக்கும் அப்படியொரு சட்டமே தேவை.