ஒப்பந்தத் தொழிலாளர் குடிப்பெயர்வும் சமயப் பரவலும்

சமயப் பரவல் என்றதும் வேதநூலோடு கப்பலேறிய பாதிரியாரும், 1893இல் சிகாகோவில் பேசிய விவேகானந்தரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் கடந்த இரு நூற்றாண்டுச் சான்றுகளைப் பார்த்தால், போதகருக்குச் சற்றும் குறையாமல் சமயத்தைக் கடல்கடத்தியவர்கள் பிழைப்புத் தேடிப் போன கூலிகளே. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834 முதல் மொரிசியசுக்கும், 1838 முதல் கயானாவுக்கும், 1845 முதல் டிரினிடாட்டுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், 1879 முதல் ஃபிஜிக்கும் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். மொரிசியசுக்கு மட்டும் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் இந்துக்களோடு கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இருந்தனர். இவர்களை எந்த மடமும் சபையும் சமயம் பரப்ப அனுப்பவில்லை. ஆயினும் தோட்டங்களில் மாரியம்மனுக்கும் திரௌபதிக்கும் கோயில்கள் எழுந்தன, தீமிதி நடந்தது. மொரிசியசில் தைப்பூசக் காவடி இன்று அரசு விடுமுறை நாள்.

‘இது மக்கள் இடம்பெயர்ந்ததுதானே, சமயம் பரவியதாக எப்படிக் கொள்வது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வழிபாடு கொண்டுசென்றவர்களின் வீட்டுவாசலோடு நின்றிருந்தால் அந்த மறுப்பே நிலைக்கும். அது நிற்கவில்லை என்பதற்கு டிரினிடாட்டின் ஹோசே விழா சான்று. முகரம் மாதத்தில் இமாம் ஹுசைனின் நினைவாக ஷியா முஸ்லிம்கள் கொண்டாடியது இது. மூங்கிலாலும் வண்ணத்தாளாலும் கல்லறை மாடம்போல் கூண்டு கட்டி, தாசா மேளம் முழங்க ஊர்வலமாகக் கொண்டுபோய் நீரில் கரைப்பார்கள். அங்கே கூண்டு கட்டியவர்களில் இந்துக்களும் இருந்தனர். மேளம் கொட்டியவர்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இருந்தனர். தோட்டத் தொழிலாளர் இப்படி ஒன்றுகூடுவதை ஆட்சியாளர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. ஊர்வலம் நகரத்துக்குள் நுழையக்கூடாதென்று தடைபோட்டு, மீறியவர்கள்மீது 1884 அக்டோபர் 30 அன்று சான் ஃபெர்னாண்டோ அருகே சுட்டார்கள், பலர் மாண்டனர். விழா மட்டும் இன்றும் நடக்கிறது.

ஆப்பிரிக்காவைக் காட்டி மறுப்போரும் உண்டு. சகாராவுக்குத் தெற்கே கிறிஸ்தவம் வேரூன்றியதில் மிஷன் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பெரும்பங்கு உண்டு. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அடுத்த கட்டத்தையும் பார்க்க வேண்டும். 1952இல் நைஜீரியாவில் தோன்றிய ரிடீம்ட் கிறிஸ்டியன் சர்ச் ஆஃப் காட் சபைக்கு இன்று பிரிட்டனில் நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ளன. அவற்றின் இருக்கைகளைப் பெரும்பாலும் நிரப்புபவர்கள் படிப்புக்கும் வேலைக்கும் குடியேறிய நைஜீரியர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். ஜெர்மனியில் இஸ்லாம் இரண்டாவது பெரிய சமயமானதற்கும் 1961இல் துருக்கியுடன் செய்துகொண்ட ஆள்சேர்ப்பு ஒப்பந்தமே முக்கியத் தொடக்கம். வளைகுடாவிலும் இதே கதைதான். சவூதி அரேபியாவில் தேவாலயம் கட்ட அனுமதி இல்லை, மதமாற்றப் பிரசாரத்துக்கும் தடை. ஆனாலும் பிலிப்பைன்சிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வேலைக்குப் போன கிறிஸ்தவர்கள் லட்சக்கணக்கில் அங்கே வாழ்கிறார்கள், வீடுகளுக்குள் கூடி ஜெபிக்கிறார்கள்.