பருந்துக்குப் போட்டியாக ஒரு தெர்மாகோல் துண்டு!

திண்டுக்கல்காரர்களிடம் அகரம் என்று சொன்னால் உடனே முத்தாலம்மன் கோவில்தான் ஞாபகத்துக்கு வரும். தாடிக்கொம்புக்குப் பக்கத்து ஊர். கோடையில் பகல் பதினொரு மணிக்கு மேல் அந்தப் பக்கத்து வயல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தால் இன்னொரு காட்சியும் கிடைக்கும். ஒரு பருந்து சிறகை ஒருமுறைகூட அசைக்காமல் வட்டம் போட்டுக்கொண்டே மேலே மேலே போகும். கீழே இறங்க வேண்டியது எப்படி ஏறுகிறது?

காரணம் எளிது. வெயிலில் எல்லா இடமும் ஒரே மாதிரி சூடாவதில்லை. தரிசு நிலமும் தார் ரோடும் சீக்கிரம் கொதிக்கும். தென்னந்தோப்பும் ஈர வயலும் மெதுவாகத்தான் சூடாகும். சூடான தரைக்கு மேலே இருக்கிற காற்று லேசாகி, ஒரு தூண் போல மேலே எழும்பும். இதை ஆங்கிலத்தில் 'தெர்மல்' என்பார்கள். பருந்து அந்தத் தூணுக்குள் வட்டமிடுகிறது, அவ்வளவுதான். செலவே இல்லாத பயணம்!

இதே வித்தையை மனிதன் ஒரு பொம்மையைக் கொண்டு செய்யும் பொழுதுபோக்குதான் ரேடியோ கண்ட்ரோல் கிளைடர். தெர்மாகோலின் உறவுக்கார ஃபோமில் செய்த உடல், மூக்கிலோ முதுகிலோ ஒரு சின்ன மோட்டார், வயிற்றுக்குள் ஒரு பேட்டரி, கையில் ரிமோட். மோட்டாரை அரை நிமிடம் ஓட்டி உயரத்துக்கு ஏற்றி, பிறகு அணைத்துவிட்டு, காற்றை நம்பி மிதக்க விடுவார்கள். பார்க்க விளையாட்டுச் சாமான்தான். ஆனால் இது ஒரு சாதாரண மாணவனின் கைக்கு வந்து சேர 130 வருடங்களுக்கு மேல் ஆனது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

11 விநாடிப் பயணம்

1804ல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேய்லி, இறக்கையும் திருப்பக்கூடிய வாலும் வைத்த ஒரு மாதிரி கிளைடரைச் செய்து பறக்கவிட்டார். ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு 99 வருடங்களுக்கு முன்பே இது நடந்துவிட்டது. 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் துய்லரி பூங்காவில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர், முறுக்கிய ரப்பரால் சுழலும் விசிறி வைத்த ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். 11 விநாடிகளில் சுமார் 40 மீட்டர் போனது. பெரிய விமானங்கள் எல்லாமே சின்ன மாதிரிகளிடம் பாடம் படித்தவைதான்.

ஆனால் இவையெல்லாம் கையை விட்டால் போச்சு ரகம். பறக்க ஆரம்பித்த பிறகு திருப்ப முடியாது. அதற்கு ரேடியோ வேண்டும். 1898லேயே நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சின்னப் படகை ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டினார். தண்ணீரில் எடை ஒரு பிரச்சினை இல்லை, காற்றில் அதுதான் பிரச்சினையே. அமெரிக்காவின் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் 1937ல் ரேடியோவால் இயக்கிய விமானத்தின் பெயர் 'கஃப்'. எட்டு அடி அகல இறக்கை, பெட்ரோல் எஞ்சின். வால்வு ரேடியோவையும் அதன் பேட்டரிகளையும் தூக்கவே அவ்வளவு பெரிய இறக்கை தேவைப்பட்டது. அந்த விமானம் இப்போது வாஷிங்டனில் உள்ள தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

நம் பக்கம் என்ன நடந்தது?

தமிழ்நாடு இந்த ஆசையில் பின்தங்கி இருக்கவில்லை. 1910லேயே சென்னையில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனியின் உதவியோடு சொந்தமாக ஒரு விமானம் கட்டி பல்லாவரத்தில் பறந்து காட்டினார். குரோம்பேட்டையில் 1949ல் சி.ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி.யில்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். என்.சி.சி.யின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்வது பயிற்சியிலேயே ஒரு பகுதி.

ஆசை இருந்தது. பொருள்தான் இல்லை. மாதிரி விமானத்துக்கு உகந்த மரம் பால்சா. லேசானது, கத்தியால் சுலபமாக வெட்டலாம். ஆனால் உலகச் சந்தைக்கு அதிகமாக வருவது தென் அமெரிக்காவின் ஈக்வடாரிலிருந்து. எஞ்சின் வெளிநாடு, ரேடியோ வெளிநாடு. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, அதற்கு மேல் வரி. போதாததற்கு 1933ஆம் வருடத்து கம்பியில்லாத் தந்திச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் ரேடியோ கருவி வைத்திருப்பதே குற்றம். வீட்டில் பாட்டுக் கேட்கும் ரேடியோவுக்கே தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டிய காலம் அது. அகரத்தில் 1960ல் ஒரு பையனுக்கு இந்த ஆசை வந்திருந்தால், பருந்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

சத்தமில்லாத விமானம்

பெட்ரோல், நைட்ரோ எஞ்சின்களில் சத்தமும் எண்ணெய்ப் பிசுக்கும் அதிகம். மின்சாரத்தில் ஓட்டினால் என்ன? 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 'ரேடியோ குயின்' என்ற மாதிரி விமானத்தை மின் மோட்டாரால் பறக்கவிட்டார். பதிவாகியிருக்கும் முதல் மின்சார ரேடியோ கண்ட்ரோல் பறத்தல் இதுதான். அவர் பயன்படுத்தியது வெள்ளி-துத்தநாக பேட்டரி. பேட்டரியில் வெள்ளி! யாரால் வாங்க முடியும்?

இந்தப் பிரச்சினையைப் பிடிவாதமாகத் துரத்தியவர் ஃப்ரெட் மிலிட்கி. ஜெர்மனியின் கிராப்னர் என்ற மாதிரி விமானக் கம்பெனிக்காக 1960ல் 'சைலன்ஷியஸ்' என்ற மின்சார மாதிரியை வடிவமைத்தார். 1972ல் 'ஹை-ஃப்ளை' என்ற ரேடியோ கண்ட்ரோல் மின்சார கிளைடர் வந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. 1973 அக்டோபர் 21 அன்று ஆஸ்திரியாவின் வெல்ஸ் நகரில் ஹைனோ பிரிட்ஷ்கா என்பவர் ஒரு மின்சார விமானத்தில் உட்கார்ந்தே பறந்தார். மனிதனை ஏற்றிக்கொண்டு தன் மோட்டார் பலத்தில் பறந்த முதல் மின்சார விமானம் அது. அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவரும் மிலிட்கிதான்.

அவர் கிளைடரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. அன்றைய நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒரு கிலோவுக்கு 40 முதல் 60 வாட்-மணி ஆற்றல்தான் வைத்திருக்கும். எந்நேரமும் மோட்டார் ஓட வேண்டிய விமானத்துக்கு அது போதாது. கிளைடருக்கு ஏறும்போது மட்டும் மோட்டார் ஓடினால் போதும், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். கையிருப்பு குறைவாக இருப்பவன் செலவைக் குறைக்கிற அதே புத்தி!

நான்கு இரவல்கள்

இந்தக் கதையில் சுவாரசியமான இடமே இதுதான். மின்சார கிளைடரை மலிவாக்கிய நான்கு பொருள்களில் ஒன்றுகூட அதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது இல்லை. எல்லாமே இரவல்!

முதலாவது ஃபோம். நாம் தெர்மாகோல் என்று சொல்லும் பொருளை 1950களில் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் சுமார் 98 சதவீதம் வெறும் காற்று. அது எவ்வளவு லேசானது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போனதும் ஊர் சிரித்த கதை. அணைக்கு எது குறையோ, விமானத்துக்கு அதுவே நிறை. ஆனால் தெர்மாகோல் சுலபமாக உடையும். கார் பம்பருக்குள் வைக்கப் பயன்படும் இ.பி.பி என்ற ஃபோம் உடையாது, நசுங்கினாலும் திரும்ப எழும்பும். மோதலைத் தாங்கச் செய்த பொருள், மோதிக்கொண்டே பழகும் புது ஆட்களுக்கு வரமாக வந்தது.

இரண்டாவது காந்தம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் மசாடோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ஜான் குரோட்டும் தனித்தனியாக நியோடிமியம் காந்தத்தை உருவாக்கினார்கள். அது கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்குகளில் பெருவாரியாகப் போனது. சிறிய காந்தம், பெரிய பலம். 2000களின் தொடக்கத்தில் பொழுதுபோக்குக்காரர்கள் பழைய சிடி டிரைவ்களைப் பிரித்து, உள்ளே இருக்கும் மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றி, இந்தக் காந்தங்களை ஒட்டி விமானத்தில் மாட்டினார்கள். கார்பன் பிரஷ் தேயாத 'பிரஷ்லெஸ்' மோட்டார் அப்படித்தான் பலர் வீட்டு மேஜையிலேயே பிறந்தது.

மூன்றாவது பேட்டரி. சோனி கம்பெனி லித்தியம்-அயன் பேட்டரியை 1991ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீடியோ கேமராவும் லேப்டாப்பும் செல்போனும் கோடிக்கணக்கில் விற்க, பேட்டரி விலை விழுந்தது. அடுத்த முப்பது வருடங்களில் இறக்கம் சுமார் 97 சதவீதம்! இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த லித்தியம் பாலிமர் பேட்டரி, அதே எடையில் பழைய நிக்கல்-காட்மியத்தைப் போல மூன்று மடங்கு ஆற்றல் தரும். கெட்ட குணமும் உண்டு. அளவுக்கு மீறி சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கும்.

நான்காவது ரேடியோ. பழைய ரிமோட்டுகளில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையைப் போட்டால் இரண்டு விமானமும் விழும். 2000களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் வந்து அந்தத் தொல்லையை ஒழித்தன. வைஃபையும் இதே அலைவரிசைதான். இந்தியாவில் இந்த அலைவரிசையில் குறைந்த சக்தி கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2005 ஜனவரியில் விதி வந்தது. மாதிரி விமானக்காரர்கள் கேட்டு வந்த விதி அல்ல, கம்ப்யூட்டர்களுக்காக வந்தது. ஆனால் 1933லிருந்து சாத்தியிருந்த ஒரு கதவு இவர்களுக்கும் திறந்துவிட்டது.

இந்த மாற்றங்கள் கூடிவந்த அதே காலத்தில் ஜெர்மனியின் மல்டிப்ளெக்ஸ் கம்பெனி 'ஈசி ஸ்டார்' என்ற ஃபோம் கிளைடரை விட்டது. சுமார் 1.4 மீட்டர் இறக்கை. விசிறியை மூக்கில் வைக்காமல் இறக்கைக்குப் பின்னால் வைத்தார்கள். மூக்கு தரையில் குத்தினால் பசை போதும், விசிறி பிழைத்துக்கொள்ளும். ஆசிரியர் இல்லாமலே பறக்கப் பழகலாம் என்ற நிலை வந்தது இப்படித்தான். பிறகு எத்தனையோ கம்பெனிகள் அதே அமைப்பைப் பின்பற்றின.

குறைந்த முதல், நிறைந்த வரவு

இந்த விளையாட்டின் தத்துவத்தைச் சொல்ல எஃப்5ஜே என்ற சர்வதேசப் போட்டி ஒன்றே போதும். மோட்டார் அதிகபட்சம் 30 விநாடி ஓடலாம். பத்து நிமிடத்துக்குள் எவ்வளவு நேரம் மிதக்கிறார் என்பதற்கு மதிப்பெண். ஆனால் மோட்டாரால் ஏறிய ஒவ்வொரு மீட்டருக்கும் மதிப்பெண் கழியும், 200 மீட்டரைத் தாண்டினால் இன்னும் கடுமையாகக் கழியும். ஆகவே கெட்டிக்காரர் யார் என்றால், தாழ்வாகவே மோட்டாரை அணைத்துவிட்டு தெர்மலைக் கண்டுபிடிக்கிறவர். இதன் முதல் உலகப் போட்டி 2019ல் ஸ்லோவாக்கியாவில் நடந்தது. அங்கே பறப்பவை கார்பன் இறக்கை வைத்த விலையுயர்ந்த கிளைடர்கள். ஆனால் காற்றைப் படிக்கும் வித்தை ஃபோமுக்கும் கார்பனுக்கும் ஒன்றேதான்.

தமிழ்நாட்டில் இந்தப் பொழுதுபோக்கு பலரின் காதில் விழக் காரணம் நடிகர் அஜித்குமார். மாதிரி விமானம் ஓட்டுவதில் அவருக்கு உள்ள ஆர்வம் ஊரறிந்தது. அவர் ஆலோசகராக இருந்த எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' மாணவர் குழு, 2018ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. பொம்மையில் ஆரம்பிக்கிற கை எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது ஒரு உதாரணம்.

வானம் யாருடையது?

பொருள் மலிவானதும் சட்டம் குறுக்கே வந்தது. 2014 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், விதிகள் வரும்வரை தனியார் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் ஆளில்லா விமானம் பறக்கவிடக்கூடாது என்று அறிவித்தது. முதல் விதிகள் நடைமுறைக்கு வர 2018 டிசம்பர் ஆனது. நான்கு வருடம்! கேமரா டிரோனுக்குப் பயந்து போட்ட அறிவிப்பு, தெர்மாகோல் கிளைடர் வைத்திருந்தவனையும் குழப்பத்தில் தள்ளியது.

2021 ஆகஸ்ட் 25ல் வந்த டிரோன் விதிகள் நிறைய இலகுவானவை. 250 கிராம் வரை 'நானோ', அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ' என்று பிரித்தார்கள். வியாபார நோக்கம் இல்லாமல் இவற்றைப் பறக்கவிட பைலட் லைசென்ஸ் தேவையில்லை. வரைபடத்தில் பச்சை மண்டலமாகக் காட்டப்படும் இடங்களில் 400 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது, உதிரி பாகங்களுக்கு இல்லை. அதாவது அரசாங்கமே மறைமுகமாகச் சொல்வது: வாங்காதே, செய்!

செய்வதற்கு என்ன வேண்டும்? ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஃபோம் அட்டை, ஒரு கட்டர், பசை, டேப். மோட்டார், பேட்டரி, ரிமோட் ஆகியவற்றுக்கு மட்டும்தான் காசு சேர்க்க வேண்டும். காந்தம், பேட்டரி, ரேடியோ எல்லாம் பெரிய தொழில்களின் வாசலில் சிந்திய நெல்மணிகள் போல. அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தவர்கள்தான் இந்த விளையாட்டை வளர்த்தார்கள்.

ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலை, நடுவே அறுவடை முடிந்த வயல். விதிகளின் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கரண்டுக் கம்பி இல்லாத இடமாகத் தேர்ந்தெடுத்தால் அகரம் பக்கம் இதைவிடப் பெரிய மைதானம் வேண்டாம். தெர்மல் எங்கே இருக்கிறது என்று தேட எந்தக் கருவியும் தேவையில்லை. மேலே பார்த்தால் போதும், பருந்து வட்டமிடும் இடம்தான் அது. 1960ல் பெருமூச்சு விட்ட பையனுக்கும் அந்தப் பருந்து அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அவன் பேரனுக்கு இன்று கையில் ரிமோட் கிடைக்கும். வானம் அன்றும் இலவசம்தான், ஏறிப்போகிற ஏணிதான் இப்போது விலை குறைந்திருக்கிறது.