தோட்டச் சிறுவர் தரகு

தோட்டச் சிறுவர் தரகு என்பது இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சிறுவர் சிறுமியரை அழைத்துச் சென்று, கொழும்பு முதலான நகரங்களின் வீடுகளிலும் கடைகளிலும் உணவகங்களிலும் வேலைக்குச் சேர்த்துவிட்டுப் பணம் பெறும் இடைத்தொழிலாகும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இவ்வாறு வேலைக்குச் சேர்ப்பது சட்டத்துக்கு முரணானது. இதைச் செய்பவர் தோட்டத்துக்கு அந்நியர் அல்லர். உறவினராகவோ, பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவராகவோ, முன்பு கொழும்பில் வேலை செய்து திரும்பியவராகவோ இருப்பார். பெற்றோர் அவர்மீது வைக்கும் நம்பிக்கையே இத்தொழிலின் முதல்.

இடம்

பிள்ளைகளை நகரங்களுக்கு அழைத்துச் செல்வது எவ்வளவு எளிது என்பதற்கு நோட்டன் பிரிட்ஜ் ஓர் எடுத்துக்காட்டு. அது நுவரெலியா மாவட்டத்தில், கெஹெல்கமு ஓயாவின் கரையில் அமைந்த சிறு நகரம். நகரைச் சுற்றியுள்ள சரிவுகளில் தேயிலைத் தோட்டங்களும் லயக் குடியிருப்புகளும் பரந்திருக்கின்றன. ஒரு பாதை மஸ்கெலியாவுக்கும் இன்னொன்று கினிகத்தேனைக்கும் செல்கிறது. கினிகத்தேனையில் அட்டன் – அவிசாவளைப் பெருவீதியை அடைந்தால் கித்துல்கல வழியாகக் கொழும்புக்கு இறங்கிவிடலாம். பிள்ளையை அழைத்துச் செல்ல விசேட வாகனம் எதுவும் தேவையில்லை; பஸ்ஸே போதும். பெரியவர் ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து செல்லும் பிள்ளையை எவரும் விசாரிப்பதில்லை.

பின்னணி

தலைக்கு இவ்வளவு என்று ஆள் சேர்க்கும் முறை மலையகத்துக்குப் புதியதல்ல. பிரித்தானியர் காலத்தில் தமிழகக் கிராமங்களிலிருந்து தொழிலாளரைத் திரட்டிய கங்காணிமாரும் பெரும்பாலும் அவர்களின் சொந்த ஊரார், உறவினர். முற்பணம் கொடுத்து அழைத்து வந்து, கடனிலேயே கட்டி வைத்தனர். கடன் கணக்குடன் தொழிலாளரைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அதைச் சீர்செய்யப் பல பத்தாண்டுகள் எடுத்தன. பிறப்பைப் பதிவதும் அடையாள அட்டை பெறுவதும் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதும் மற்றவர்களைவிட இவர்களுக்குக் கடினமாயின.

வறுமை இன்றும் தீரவில்லை. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், அடிப்படைச் சம்பளம் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. ஆனால் குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். கணவனின் நோய், பழைய கடன், மூத்தவளின் கல்யாணம் என ஏதாவதொன்று வந்ததும் வீட்டுக் கணக்கு சரிந்துவிடுகிறது. தரகர் வந்து நிற்பது அந்த வேளையில்தான்.

செயல்முறை

தரகர் பெரும்பாலும் தாயிடம்தான் பேசுவார். தீபாவளிக்கு எடுத்த முற்பணம் சம்பளத்தில் பிடிபடும் மாதங்களில் அவருடைய பேச்சு எளிதில் எடுபடும். “நல்ல வீடு, சாப்பாட்டுக்குக் குறையில்லை, பிள்ளையைப் படிக்கவும் வைப்பாங்க” என்பது வழக்கமான வாக்குறுதி. கையில் ஒரு தொகையும் கொடுக்கப்படும். வேலைக்கு வைக்கும் வீட்டுக்காரரிடமிருந்து தரகர் தம் கூலியை வேறாகப் பெற்றுக்கொள்வார். பிள்ளையின் மாதச் சம்பளமும் அவர் கைவழியாகவே வருமானால், அதில் எவ்வளவு குறைந்தது என்பது பெற்றோருக்குத் தெரிய வழியில்லை.

வயதை மறைக்கக் கூட்டிச் சொல்வதும், மூத்த சகோதரியின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டுவதும் உண்டு. போய்ச் சேர்ந்த பிள்ளையிடம் கைபேசி இருக்காது. வீட்டுக்காரர் அழைப்பெடுத்துக் கொடுத்து, அவர் பக்கத்தில் நிற்கும்போது தாயுடன் பேசவேண்டும். அடி வாங்கியதையோ பசித்திருந்ததையோ பிள்ளை அப்போது எப்படிச் சொல்லும்? “சுகமா இருக்கேன்” என்ற பதிலையே தோட்டம் கேட்கிறது. அதையே தரகர் அடுத்த வீட்டுக்குச் சாட்சியாகச் சொல்கிறார்.

அறியப்பட்ட சம்பவங்கள்

2009 ஆகஸ்டில், கொழும்பில் வீட்டு வேலைக்குச் சென்றிருந்த மஸ்கெலியாப் பகுதித் தோட்டச் சிறுமியர் இருவர் நகரின் கால்வாயொன்றிலிருந்து சடலங்களாக மீட்கப்பட்டனர்.

2021 ஜூலை 15 அன்று, மலையகத்தின் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களால் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் உயிரிழந்தார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வீட்டில் அவர் பணியாற்றியிருந்தார். அங்கு அவரைச் சேர்த்துவிட்ட தரகரும் கைதானவர்களுள் ஒருவர். இரண்டாவது பிரேத பரிசோதனைக்காக டயகமவில் சடலம் தோண்டியெடுக்கப்பட்டது. நீதி கேட்டு மலையக நகரங்களிலும் நாட்டின் பிற பகுதிகளிலும் மக்கள் வீதிக்கு வந்தனர். தரகர்களின் பங்கும் அப்போது நாடளாவிய பேச்சுப் பொருளானது.

சட்டம்

1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கப் பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகள் தொழில் சட்டம் சிறுவர் வேலையைக் கட்டுப்படுத்துகிறது. வேலைக்கான குறைந்தபட்ச வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. கட்டாயக் கல்வி வயது 2016இலேயே 16 ஆகியிருந்தது. தண்டனைச் சட்டக்கோவையில் 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்ட 360இ பிரிவு ஆட்கடத்தலைக் குற்றமாக்குகிறது. கட்டாய உழைப்புக்காகப் பிள்ளையைத் திரட்டுவதும் கொண்டுசெல்வதும் இதில் அடங்கும். பிள்ளை சம்மதித்தது என்று சொல்லித் தப்ப முடியாது. பிள்ளைகளைப் பிச்சையெடுக்க வைப்பதும் தனிக் குற்றமாகும்.

1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் நிறைவேறியது. 1929 என்ற இலக்கத்தில் அச்சபை முறைப்பாடுகளை ஏற்கிறது. 2016ஆம் ஆண்டு அரசு நடத்திய சிறுவர் செயற்பாட்டு ஆய்வு, நாட்டில் 5 முதல் 17 வயதுக்குட்பட்ட 43,714 பேர் சிறுவர் தொழிலில் இருப்பதாகவும், அவர்களுள் 39,007 பேர் ஆபத்தான வேலைகளில் இருப்பதாகவும் மதிப்பிட்டது.

புனைவில்

பிள்ளைகளை வைத்துப் பிழைக்கும் வில்லன் உலகப் புனைவில் நெடுநாளாக வருபவன். சார்ள்ஸ் டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் ஃபேகின் லண்டன் தெருச் சிறுவர்களுக்குப் பிக்பொக்கட் அடிக்கப் பழக்குகிறான். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ (2008) படத்தில் மும்பைக் கும்பல் பிச்சைக்காகச் சிறுவரின் கண்ணைப் பறிக்கிறது. தமிழில் ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ நாவலை ஒட்டி பாலா இயக்கிய ‘நான் கடவுள்’ (2009) படத்தில், உடற்குறையுள்ளோரைப் பிச்சையெடுக்க வைக்கும் தாண்டவனாக ராஜேந்திரன் நடித்தார். தாண்டவன் திரையில் தோன்றியதுமே அச்சம் பிறக்கிறது. நாவலில் அதே தொழிலைச் செய்யும் பண்டாரமோ தன் மகள்களின்மேல் உயிரை வைத்திருக்கும் குடும்பஸ்தர். பிறர் பிள்ளைகள் அவருக்கு வியாபாரப் பொருள். மலையகத் தரகரின் இயல்புக்கு மிக அண்மையில் நிற்பவர் இந்தப் பண்டாரமே.

தடுப்பு

விசாரணைகள் பெரும்பாலும் பிள்ளை இறந்த பிறகு, அது வேலை செய்த வீட்டிலிருந்தே தொடங்குகின்றன. தோட்டத்தில் நடந்த கொடுக்கல் வாங்கல் அதற்குள் மறைந்துபோகிறது. வரவுப் பதிவேட்டில் தொடர்ந்து வராத பிள்ளையை முதலில் அறிபவர் வகுப்பாசிரியர். அவரிடமிருந்து கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை அலுவலருக்கும் அன்றே தகவல் போகவேண்டும். தோட்டத் தலைவர்களும் தரகரின் பெயரைத் துணிந்து சொல்லவேண்டும். இவற்றோடு, பிள்ளையை அனுப்பாமலே கடனை அடைக்கும் அளவுக்குத் தாயின் சம்பளம் உயரவேண்டும். அது உயராதவரை, ஒரு தரகர் கைதானால் அவ்விடத்துக்கு இன்னொருவர் வருவார்.