கரிசலுக்குள் கண்ணாடியும் செம்பும்

சுந்தரர் தேவாரத்தில் திருச்சுழியல் எனப் பாடப்பெற்ற குண்டாற்றங்கரைத் திருச்சுழியையும் அதன் மேற்கே அமைந்த அருப்புக்கோட்டையையும் சூழ்ந்துள்ள கரிசல் நிலம், கோடையில் முழங்கை நுழையுமளவு வெடித்தும், ஐப்பசி மழையில் ஊறிப் பருத்து மூடியும் இயங்குவதால், அதனுள் புதைந்த வளையலும் மணியும் காசும் ஆண்டுதோறும் நனைந்து காய்கின்றன. சுண்ணாம்பும் பல இடங்களில் உவரும், அதாவது வெண்மையாகப் பூக்கும் சோடா உப்பும், கலந்த காரமண் இது.

மணலுடன் காரப்பொருளைச் சேர்த்து உருக்கினால் கண்ணாடி கிடைக்கும். தென்னிந்தியப் பழங்கண்ணாடி மணிகளுள் பெரும்பகுதி, உவர்மண் உப்பைப் பயன்படுத்தி உருக்கப்பட்டதாக ஆய்வாளர் கருதும் சோடா–அலுமினா வகையைச் சேர்ந்தது. புதைந்த கண்ணாடியிலிருந்து நீர் முதலில் சோடாவைக் கரைத்து வெளியேற்ற, எஞ்சும் சிலிக்கா மெல்லிய ஏடுகளாகப் பிரிந்து மயில் கழுத்தைப் போல மின்னுகிறது. மண்ணின் காரம் மிகும்போது அச்சிலிக்காவே கரையத் தொடங்குகிறது. மரச்சாம்பலால் உருக்கப்பட்ட இடைக்கால ஐரோப்பியக் கண்ணாடி விரைந்து சிதைய, இந்திய மணிகள் பெரிதும் தாங்கி நிற்பதற்கு அவற்றிலுள்ள அலுமினாவும் ஒரு காரணம். கண்ணாடிக்குப் பிறப்பளித்த உவரே அதன் பகையும் ஆவது இந்நிலத்தின் இயல்பு.

செம்பின் நிலை வேறு. அதன்மேல் முதலில் சிவந்த ஆக்சைடும் அதற்குமேல் பச்சைக் களிம்பும் படர்கின்றன. இறுகிய களிம்பு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கவும் செய்யும். ஆனால் உப்பு மண்ணில் குளோரைடு களிம்பின் அடியில் தங்கிவிடுவதால், பொருள் வெளியே எடுக்கப்பட்டு ஈரக்காற்று பட்டதும் அமிலம் உண்டாகி, வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்து, உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. இதனை வெண்கல நோய் என்பர். நூற்றாண்டுகளாக மண்ணுள் நிலைத்த நகை, எடுத்த சில வாரங்களில் பொடியாவதற்கு இதுவே காரணம்.

தங்கத்தை மண் தீண்டுவதில்லை. அதில் கலந்த செம்பும் வெள்ளியும் மட்டும் மேற்பரப்பிலிருந்து கசிந்து போகும். திருச்சுழி அமைந்த அதே மாவட்டத்தின் வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் தொடங்கிய அகழாய்வில் கண்ணாடி மணிகள், சங்கு வளையல்கள், செப்புக் காசுகள், பொன் அணிகலன்கள் ஆகியவை ஒருங்கே கிடைத்தன. அவை எக்காலத்தவை ஆயினும், உப்பும் ஈரமும் ஒவ்வொரு பொருளையும் வேறுவேறாக நடத்தும் முறை காலத்தால் மாறுவதன்று.

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் அமைந்த வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம், சோடாக் கரைசலில் வெண்கலத்தை எதிர்மின்முனையாக்கி மின்னோட்டம் செலுத்திக் குளோரைடை வெளியேற்றும் மின்பகுப்பு முறையைக் கையாண்டது. களிம்பேறிய காசைப் புளியிட்டுத் தேய்ப்பதோ உப்புக்கிணற்று நீரில் கழுவுவதோ இதற்கு நேர் எதிரானது. புளியின் அமிலம் காப்பான களிம்பையும் அதிலுள்ள எழுத்தின் தடயத்தையும் ஒருசேர அழித்துவிடும். உழவின்போது இத்தகைய பொருள் கிடைத்தால் மண்ணோடு அப்படியே எடுத்து வைத்து, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.