ஆளில்லாத மதுரை

லின்னேயஸ் ட்ரைப் 1858-இன் தொடக்கத்தில் எடுத்த மதுரைப் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது, அன்று ஊர் எவ்வளவு அமைதியாக இருந்திருக்கிறது என்பதுதான். கோயில் மண்டபத்தில் தூண்கள் வரிசையாக நிற்கின்றன, ஆள் அரவம் இல்லை. திருமலை நாயக்கர் மகால் இடிந்து கிடக்கிறது, வெயில் மட்டும் உள்ளே நுழைந்திருக்கிறது. இந்த அமைதியை அன்றைய மதுரையின் சாட்சியாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை. தாளும் வெயிலும் ஒரு மனிதரின் கையும் சேர்ந்து உண்டாக்கிய உணர்வு அது. உண்டாக்கியது என்பதால் அதன் அழகு குறைந்துவிடாது. ஆனால் அது எப்படி உண்டானது என்று தெரியாமல் அந்தப் படங்களை வரலாறாக வாசிக்க முடியாது.

ட்ரைப் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி. 1855-இல் பர்மாவின் ஆவாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று படமெடுத்துப் பெயர் பெற்றவர். கட்டடங்களைப் பதிவு செய்ய ஓவியர்களுக்குப் பதிலாகக் கேமராவைப் பயன்படுத்தலாம் என்று கம்பெனி முடிவு செய்திருந்த காலம் அது. மதராஸ் அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட அவர், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று பெரிய பெட்டிகளோடு பயணம் செய்தார். நெகட்டிவுக்குக் கண்ணாடித் தகடு என்றால், பூசிய ஈரம் காயும் முன் பயன்படுத்தியாக வேண்டும்; நம் வெயிலில் அது பெரும்பாடு. மெழுகேற்றிய தாளை முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லலாம் என்பதால் அவர் பெரும்பாலும் தாள் நெகட்டிவையே நம்பினார். அதற்குரிய விலை நேரம். தாள் மெதுவாகத்தான் ஒளியை வாங்கும். அதற்குள் நடந்து போகிறவர் படத்தில் விழமாட்டார். நீர் அலையிழந்து வழவழப்பாகும்.

அப்படியானால் இந்த வெறுமை வெறும் தொழில்நுட்பக் குறைதானே, அதில் உணர்வையும் பொருளையும் தேடுவது பிற்காலத்தவரின் கற்பனை அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எடின்பரோவில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் ராபர்ட் ஆடம்சனும் 1840-களிலேயே தாள் நெகட்டிவில் நியூஹேவன் மீனவர்களையும் மீனவப் பெண்களையும் எடுத்திருந்தார்கள். உட்கார வைத்தால், சாய்ந்துகொள்ள இடம் கொடுத்தால், மனிதர் தாளில் விழுவார். நடப்பவரை இழந்தது தாளின் குறை. நிற்கச் சொல்லி எவரையும் அழைக்காதது எடுத்தவரின் தேர்வு. அரசு கேட்டது கட்டடங்களை மட்டும்தானே என்றால், வானத்தைப் பார்க்க வேண்டும். அந்தத் தாள் நீல ஒளிக்கு மிகையாக இசைவதால் வானம் வெளுத்துப்போகும். ட்ரைப் நெகட்டிவின் மேல் வண்ணம் பூசி அங்கே மேகங்களை வரவழைத்தார். கோபுரத்தின் உயரத்தையோ தூணின் வேலைப்பாட்டையோ அறிய மேகம் எதற்கு? பார்ப்பவரின் மனம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று அவர் கவலைப்பட்டிருக்கிறார்.

உணர்வு வேண்டாத இடத்தில் அதை விலக்கவும் அவருக்குத் தெரியும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். அதில் மேகம் இல்லை, நிழலின் நாடகம் இல்லை, படிக்க எழுத்து மட்டும் இருக்கிறது. இந்தச் சுருளை அவர் செய்த ஆகச் சிறந்த வேலை என்று சொல்வேன். இரண்டு வழியும் தெரிந்தவர் மதுரையில் ஒரு வழியைத் தேர்ந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அதே கோயிலின் திருச்சுற்றுக் கல்வெட்டு ஒன்று, கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயரோடும் வீட்டோடும் பதிந்து வைத்திருக்கிறது. ராஜராஜன் காலக் கல்லுக்குக் கோயில் என்றால் அதில் வாழ்ந்த மனிதர்களும்தான். ட்ரைப்பின் தாளுக்குக் கோயில் என்றால் கல் மட்டும்.

அவர் கெட்ட எண்ணத்தோடு மக்களைப் படத்திலிருந்து நீக்கினார் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்றும் இல்லை. ஆனால் வடக்கே கிளர்ச்சி இன்னும் அடங்காத மாதங்கள் அவை. ஆட்சி அந்த ஆண்டே கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் அரசிக்குக் கைமாறியது. அப்போது இந்தப் படத் தொகுதிகளைப் புரட்டிய ஆங்கிலேயருக்கு, உரிமை கோர எவரும் இல்லாத பழமையாக இந்நாடு தெரிந்திருந்தால் வியப்பில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இவ்வளவு செலவு கூடாதென்று இந்தப் பணியையே நிறுத்திவிட்டார். படங்கள் மட்டும் நிலைத்தன. அவற்றில் நாயக்கர் மகால் இனி மீளாது என்பதுபோல் கிடக்கிறது. பத்தாண்டு கழித்து ஆளுநர் நேப்பியர் காலத்தில் அதே மகால் செப்பனிடப்பட்டது.

தெப்பக்குளத்தையும் ட்ரைப் எடுத்திருக்கிறார். நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் அசையாத நீர். அவர் மதுரையில் இருந்தது 1858 ஜனவரி, பிப்ரவரியில். மீனாட்சி தெப்பத்தில் எழுந்தருள, கரை கொள்ளாமல் ஊர் கூடி நிற்கும் தை மாதம் வருவதும் அப்போதுதான்.