சான் டியேகோவின் உறைந்த காட்சிசாலை

கலிபோர்னியாவின் சான் டியேகோ விலங்குக் காட்சிசாலையில் 1970களின் முற்பாதியில் உருவானது ‘உறைந்த காட்சிசாலை’. அங்கே கூண்டுகள் இல்லை. திரவ நைட்ரஜன் கலன்களும் அவற்றுக்குள் விரலளவுக் குப்பிகளும்தாம். இதைத் தொடங்கிய குர்ட் பெனிர்ஷ்கே ஜெர்மனியில் பிறந்த நோய்க்குறியியல் மருத்துவர். நஞ்சுக்கொடி ஆய்வில் பெயர்பெற்றவர், விலங்குகளின் குரோமோசோம்களிலும் ஆர்வம் கொண்டவர். குளோனிங் ஆடு டாலி பிறக்க இன்னும் இருபதாண்டு இருந்த காலம் அது. எதற்கு உதவும் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதபோதே சேர்க்கத் தொடங்கியதுதான் அவருடைய துணிச்சல்.

விலங்கின் உடலிலிருந்து சிறு தோல் துணுக்கு எடுத்து, அதன் செல்களை ஊட்டக் கரைசலில் வளர்க்கிறார்கள். பனிப்படிகம் செல்லைக் கிழிக்காமலிருக்கக் காப்பு வேதிப்பொருள் சேர்த்து, படிப்படியாகக் குளிரூட்டி, மைனஸ் 196 டிகிரியில் வைக்கிறார்கள். டி.என்.ஏ. மட்டும் போதுமென்றால் அருங்காட்சியகத்தின் பழந்தோலே போதும். 1883இல் அற்றுப்போன குவாகா என்ற வரிக்குதிரை இனத்தின் தோலிலிருந்து 1984இல் அதை எடுத்துக் காட்டினார்கள். ஆனால் கிடைத்தவை சிதைந்த துண்டுகள். உறைந்த செல்லோ, உருக்கினால் மீண்டும் பெருகும்.

இந்தச் சேமிப்பின் முதல் பயன்கள் தடுமாற்றமாகவே இருந்தன. உறைந்த செல்லிலிருந்து குளோனிங் முறையில் 2001இல் பசுவின் வயிற்றில் பிறந்த காட்டுமாட்டுக் கன்று ‘நோவா’ இரண்டே நாளில் வயிற்றுப்போக்கால் இறந்தது. அதே முறையில் 2003இல் பிறந்த பான்டெங் என்னும் ஆசியக் காட்டுமாடு ஏழாண்டு வாழ்ந்தது.

சேமிப்பின் உண்மையான மதிப்பு தெரிந்தது கருங்கால் ஃபெரட்டில். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்தச் சிறு ஊனுண்ணி 1981இல் வயோமிங் மாநிலத்தில் மறுபடி அகப்பட்டது. பிடித்து வளர்த்தவற்றில் ஏழின் வழித்தோன்றல்களே இன்றுள்ளவை. ஆகவே மரபு வேறுபாடு மிகக் குறைவு. அந்த ஏழில் சேராத ‘வில்லா’ 1988இல் வாரிசின்றி இறந்தது. அதன் செல்கள் சான் டியேகோ வந்தன. அவற்றிலிருந்து 2020 டிசம்பரில் ‘எலிசபெத் ஆன்’ பிறந்தது. அதே செல்வழி வந்த ‘அன்டோனியா’ 2024இல் குட்டி ஈன்றது. அற்றுப்போன வம்சம் ஒன்று இப்படி மறுபடி தழைத்திருக்கிறது.

2020 ஆகஸ்டில், 1980இல் உறையவைத்த செல்லிலிருந்து பிரெவால்ஸ்கி குதிரைக்குட்டி ஒன்றும் பிறந்தது. அதற்குச் சூட்டிய பெயர் குர்ட்.

சேமித்த செல்லின் உட்கருவை முட்டையில் வைக்கும் இந்தக் குளோனிங் வழி பறவைகளிடம் செல்லாது. பெரிய மஞ்சள் கரு கொண்ட முட்டையில் உட்கருவை மாற்றி வைப்பது இதுவரை கைகூடவில்லை. 2004இல் பிடிபட்டு அந்த ஆண்டே இறந்த ஹவாய்த் தீவுப் பறவை போஊலியின் செல்களும் அதனால் சேமிப்பில்தான் இருக்கின்றன.