புதுசா, பழசா, குத்தகையா? ஒரு காரும் இரண்டு மா நிலமும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

சம்பா அறுப்பு முடிந்த கையோடு என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பாபநாசம் பக்கத்துக் கிராமம். பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவர், இப்போது சென்னையில் வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. "சார், ஒரு கார் எடுக்கணும். புதுசு எடுக்கலாமா, பழசு எடுக்கலாமா? எங்க கம்பெனியில லீசுக்கும் தர்றாங்க, மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. அப்பாகிட்ட சொன்னேன். ஒரு வாரமா என்கூடப் பேசலை" என்றார்.

சாயங்காலம் அவர் அப்பாவே வந்துவிட்டார். என் வயதுக்காரர். திண்ணையில் உட்கார்ந்ததும் சொன்னார்: "லீசுன்னா குத்தகைதானே சார்? எங்கப்பா நாப்பது வருஷம் அடுத்தவன் களத்துல நெல்லு அளந்து போட்டாரு. எம்புள்ள பொண்ணு வீட்டு வாசல்ல குத்தகை வண்டியில போயி எறங்கணுமா? ரெண்டு மா போனாலும் போவுது, வித்துட்டுப் புதுசு எடுன்னுட்டேன்."

இரண்டு மா என்றால் முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் குடும்பத்துக்கு இருப்பதே ஏழு மா. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்குச் சொன்னதையும், சொல்ல நினைத்து விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த அப்பாவின் கோபம். அது வெறும் வீம்பு இல்லை, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

காவிரிப் படுகையில் நிலம் ஒருவர் பெயரில், உழைப்பு இன்னொருவருடையது என்பது பல தலைமுறைப் பழக்கம். மிராசுதார்கள், கோயில்கள், மடங்கள் பெயரில் வேலிக் கணக்கில் நிலம். ஒரு வேலி என்றால் 20 மா, ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. உழுதவர்கள் வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுதார்கள். வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும். அடுத்த வருஷம் அந்த வயல் நம் கையில் இருக்குமா என்பது நிலக்காரர் வாயில் இருந்தது. எழுத்தில் ஒன்றும் கிடையாது.

1952-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தஞ்சை மாவட்டத்துக்கென்றே ஒரு அவசரச் சட்டம் வந்தது. தஞ்சை பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று நம் ஊரில் சொல்வது அதைத்தான். அதில் சாகுபடி செய்பவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று வைத்தார்கள். 1955-ல் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது: குத்தகையை ஒழுங்காகக் கட்டுகிறவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்து கணக்கைத் திருப்பிப் போட்டது. நன்செய்யில் நிலக்காரருக்கு 40 சதவீதம், மீதி உழுதவருக்கு. ஆனால் யார் குத்தகைதாரர் என்று எழுதி வைத்த ஏடு இல்லாததால், சட்டம் இருந்தும் கோர்ட்டில் நிற்க முடியாமல் போனவர்கள் நிறையப் பேர். அதற்காகத்தான் 1969-ல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. பெயர் ஏட்டில் ஏறிய பிறகுதான் பல குடும்பங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தன. என் நண்பரின் தகப்பனாரும் அப்படிப் பதிவானவர். பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியதுதான் அந்த ஏழு மா.

அப்படி வந்த நிலத்தில் இரண்டு மாவை ஒரு காருக்காக விற்பதா? இந்த இடத்தில்தான் காரின் வரலாற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

"புதுசு" என்ற சொல்லுக்கு நம் தலைமுறையில் இருக்கும் மயக்கம் எங்கிருந்து வந்தது? கிடைக்காததால் வந்தது. 1950களில் அரசு, நாட்டுக்குள்ளேயே கார் தயாரிக்கத் திட்டம் உள்ள கம்பெனிகள் மட்டும் இருந்தால் போதும் என்று முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. மிஞ்சியவை மூன்று. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 1957 முதல் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு (1961 முதல் ஹெரால்டு). 1970களில் இந்த மொத்த தேசத்துக்கும் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் கார்கூடத் தயாராகவில்லை. விலையை அரசு கட்டுப்படுத்தியது, எண்ணிக்கையை லைசென்ஸ் கட்டுப்படுத்தியது. பதிவு செய்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். வரிசையில் நின்று வாங்கிய புது ஃபியட்டை மறுநாளே விற்றால், கொடுத்த விலைக்கு மேல் கிடைத்த காலம் அது. இன்றைய பிள்ளைகள் இதை நம்ப மாட்டார்கள்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். விலை சுமார் 47,500 ரூபாய். அதற்கு முன்பே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு 10,000 ரூபாய் முன்பணம் கட்டிக் காத்திருந்தார்கள். 1993-ல் கார் தயாரிக்க லைசென்ஸ் வேண்டாம் என்றானது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. அதோடு புது காரின் அருமை போயிற்று. இன்று ஷோரூமை விட்டு வெளியே வந்த நிமிஷமே விலை இறங்குகிறது. ஆனால் நம் மனசு இன்னும் 1975-லேயே நிற்கிறது.

அடுத்தது "பழசு". நான் வாங்கிய ஒரே கார் பழசுதான். 1986-ல் ஒரு பழைய ஃபியட். சீட்டு எடுத்த பணத்தில் வாங்கினேன். எட்டு வருஷம் ஓட்டினேன். திருவையாறு, சுவாமிமலை, திருச்சி ஆஸ்பத்திரி, மூன்று கல்யாணம், இரண்டு சாவு எல்லாம் அதில்தான். 1994-ல் ஒருவருக்கு விற்றேன். பணத்தை வாங்கிக்கொண்டு சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். "பேரை நானே மாத்திக்கிறேன் சார்" என்றார். மாற்றவில்லை. மூன்று வருஷம் கழித்து போலீஸ்காரர் ஒருவர் என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். அந்த வண்டி சைக்கிளில் போன ஒருவரை இடித்துவிட்டது. வண்டியில் இன்சூரன்ஸ் இல்லை. புத்தகத்தில் என் பெயர். அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். எனக்கோ ஒரு வருஷம் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடை. வகுப்பில் பட்டாவையும் பத்திரத்தையும் பற்றிப் பாடம் நடத்திய வாத்தியார், தன் காருக்கு அதைச் செய்யவில்லை.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் சரி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு.

மூன்றாவது, தவணையும் லீசும். இதில் நம் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகன் டி.எஸ். சந்தானம் 1954-ல் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். அப்போது மூலதனம் 2 லட்சம் ரூபாய். லாரி, பஸ் வாங்க நினைத்தவர்களுக்குத் தவணை முறையில் பணம் கிடைக்க வழி பிறந்தது. அந்த முறையில் கடைசித் தவணை கட்டும்வரை வண்டி சட்டப்படி நிதி கொடுத்தவருடையது. ஓட்டுகிறவர் வாடகைக்கு வைத்திருப்பதாகத்தான் அர்த்தம். நாம் முதலாளி என்று நினைத்துக் கும்பிட்ட எத்தனையோ பஸ் முதலாளிகள் காகிதத்தில் வாடகைக்காரர்கள்தான்! 1973-ல் இந்தியாவின் முதல் லீசிங் கம்பெனியும் சென்னையில்தான் தொடங்கியது. ஆகவே லீஸ் என்பது நேற்று பெங்களூரிலிருந்து வந்த புதுமை அல்ல.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் "உரிமையாளர்" யார் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. பொதுவாகப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். ஆனால் வண்டி தவணையிலோ லீசிலோ அடமானத்திலோ இருந்தால், அந்த ஒப்பந்தப்படி யார் கையில் வண்டி இருக்கிறதோ அவரே உரிமையாளர்.

இதைப் படித்துக் காட்டியதும் என் நண்பர் முகம் மலர்ந்தது. "அட, உழுபவனுக்கே நிலம்ங்கிற மாதிரி இருக்கே சார்!" என்றார்.

"இல்லைங்க, இங்கேதான் ஏமாந்து போயிடுவோம்" என்றேன்.

நிலச் சட்டம் உழுதவரைக் காப்பாற்ற வந்தது. வெளியேற்றாதே, இதற்கு மேல் வாங்காதே என்று நிலக்காரரின் கையைக் கட்டியது. கார் விஷயத்தில் அந்த "உரிமையாளர்" பட்டம் பாதுகாப்பு இல்லை, பொறுப்பு. இடித்தால் நம் தலையில். ஆனால் வண்டியை விற்கும் உரிமை நமக்குக் கிடையாது. ஒப்பந்தத்தில் இத்தனை கிலோமீட்டர்தான் என்று இருக்கும், தாண்டினால் கூடுதல் பணம். நடுவில் திருப்பிக் கொடுத்தால் அபராதம். நிலத்தைப் போல, இவ்வளவுக்கு மேல் வாங்காதே என்று வாடகைக்கு வரம்பு கட்டும் சட்டம் எதுவும் இங்கே இல்லை. கையெழுத்துப் போட்ட காகிதம்தான் சட்டம். குத்தகை என்ற சொல் ஒன்றுதான், நிலத்தில் அதற்கு ஒரு முகம், வண்டியில் வேறு முகம்.

அதற்காக வாடகையே கேவலம் என்றும் நினைக்க வேண்டாம். அவர் வயலில் போன மாதம் அறுத்த இயந்திரம் யாருடையது? மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு வந்ததுதானே! ஈரம் காயாத வயலில் இறங்குவதற்குச் செயின் வண்டி வேண்டும் என்று வரிசையில் நின்று பிடித்து வந்தார். வருஷத்தில் சில மணி நேர வேலைக்கு லட்சக்கணக்கில் போட்டு அதைச் சொந்தமாக வாங்கு என்று யாராவது சொன்னால் சிரிப்பார். எத்தனை நாள் வேலை, எவ்வளவு வேலை என்று பார்த்து வாடகையா சொந்தமா என்று முடிவு செய்வது டெல்டா விவசாயிக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. கார் என்று வந்ததும் மட்டும் அந்தக் கணக்கை விட்டுவிட்டுக் கௌரவத்தைப் பிடித்துக்கொள்கிறோம்.

பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டோம். 8 லட்சம் ரூபாய் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ்காரர்கள் தேய்மானத்துக்கு ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள். இரண்டிலிருந்து மூன்று வருஷ வண்டிக்கு 30 சதவீதம் கழிவு, நாலிலிருந்து ஐந்து வருஷத்துக்கு 50 சதவீதம். அதன்படி மூன்று வருஷத்துக்குள் 2,40,000 ரூபாய் கரைந்துவிடுகிறது. அதை முதலில் வாங்கியவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். மூன்றாம் வருஷத்து வண்டியை 5,60,000-க்கு எடுப்பவருக்கு அந்த நஷ்டம் இல்லை. சந்தை விலை கொஞ்சம் ஏறும் இறங்கும், ஆனால் போக்கு இதுதான். தனியார் காரின் பதிவு 15 வருஷம், ஆகவே மீதி 12 வருஷம் கையில் இருக்கிறது. பத்து, பன்னிரண்டு வருஷம் ஒரே காரை ஓட்டுவேன் என்பவர் புதுசு வாங்கலாம். ஒரே ஊரில் நிலையான வேலை, வரி கட்டும் சம்பளம், மூன்று நாலு வருஷத்தில் மாற்றிவிடும் எண்ணம் உள்ளவருக்கு லீஸ் ஒத்துவரலாம்.

பையனிடம் ஒன்றுதான் கேட்டேன். "தம்பி, இந்த வேலையில நாலு வருஷம் இருப்பியா?" கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "தெரியலை சார், வெளிநாடு போற வாய்ப்பு ஒண்ணு இருக்கு" என்றார். "அப்படின்னா லீஸ் வேண்டாம். குத்தகைங்கிறதுக்காக இல்லை, பாதியில விட்டா அபராதம்ங்கிறதுக்காக."

அவர் அப்பாவிடமும் ஒன்று சொன்னேன். "அய்யா, கார் வருஷா வருஷம் தேயுது. நிலம் அப்படித் தேயுறது இல்லை. தேயாததை வித்துத் தேயுறதை வாங்குறது எந்த ஊர் விவசாயம்?" அவர் பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போன வாரம் பையன் போன் செய்தார். மூன்று வருஷம் ஓடிய வண்டி ஒன்று பார்த்திருக்கிறார்களாம். முக்கால் பங்கு கையிருப்பு, மீதி வங்கிக் கடன். அப்பாவே பாபநாசத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய், அடியில் குனிந்து துருப் பார்த்திருக்கிறார். எல்லாம் முடிந்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "புத்தகத்துல எம்புள்ள பேரு எப்ப ஏறும்?" 1969 சட்டத்தின் அருமை தெரிந்த வீடு அல்லவா!

நண்பர்களே, புதுசோ பழசோ லீசோ, அவரவர் வசதி. ஆனால் பழசு வாங்கினால் 29, 30 எண் படிவங்களில் கையெழுத்தாகி ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாறும்வரை விடாதீர்கள். வண்டி மேல் முன்பு கடன் இருந்திருந்தால், அது தீர்ந்ததற்கான 35-ஆம் எண் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். லீஸ் என்றால் கிலோமீட்டர் வரம்பும், பாதியில் விட்டால் என்ன என்பதும் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். என்றோ விற்ற ஸ்கூட்டர் இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று இன்றே ஒருமுறை பாருங்கள். எனக்கு வந்த போலீஸ்காரர் உங்கள் வாசலுக்கும் வர வேண்டாம்.

உங்கள் வீட்டு முதல் கார் எது, யார் பெயரில் இருந்தது என்று எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது.